ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல

மூணு நாளா ஒரு பூனை சைஸ் மிருகத்தப் பிடிக்கத் தெரியாத ஆளுக்கு மூணாவது காபி ஒரு கேடா? கேட்டுச்சா தயாளன்? ஒரு வார்த்தைகூட நான் கூட்டல, குறைக்கல. உங்க காதுல விழணும்னே கேட் பக்கத்துல நின்னு, ஹெல்மெட்டக் கழட்டி, இன்னொரு தடவ சொல்லிட்டுப் போறார் எங்க வீட்டுக்காரர். பேரு ஜெபராஜ். ஜெபம் பேர்ல மட்டும்தான். கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன். நீங்க காபியக் குடிங்க. ஏணியோட மேல் படியில வெச்சிருக்கேன், முழங்கையால தட்டி என் தலையில ஊத்திடாதீங்க.

இல்ல இல்ல, ஏணிய விடமாட்டேன். கெட்டியாப் பிடிச்சிருக்கேன். ஸ்டோர் ரூம் தரை வழுக்கும். உங்க தலையும் தோளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல, பரணுக்குள்ள போயிடுச்சு, இங்கேர்ந்து எனக்குத் தெரியறது ரெண்டு காலுதான். பரவாயில்ல. இருபத்தேழு வருஷமா நியூஸ்பேப்பருக்குப் பின்னாடி உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட பேசிப் பழகினவ நான். காலுகிட்ட பேசறது அதைவிட ஈஸி. பேப்பராவது படபடன்னு மடியும், காலு குறுக்க பேசாது.

குட்டி தெரியுதா? சரி சரி, அவசரப்படுத்தல. நிதானமா டார்ச் அடிச்சுப் பாருங்க. குட்டி இல்லன்னா இன்னைக்கே கூண்டுல ஏத்திடுவேன், குட்டி இருந்தா தாயக் கலைக்கமாட்டேன், அதுங்களா வெளிய போக ரெண்டு மாசம் ஆகும்னு காலையில அவர்கிட்ட சொன்னீங்களே, அப்ப அவர் மூஞ்சியப் பாத்தீங்களா? எக்ஸாம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற பையன் மாதிரி. அது உள்ள நுழையற துவாரத்த அடைக்கக் கம்பி வலை வாங்கறேன்னு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டார். மிருகம் உள்ள இருக்கறப்பவே வலை வாங்கற ஆளு.

எப்படி ஆரம்பிச்சதா? வாசனையிலதான். பாசுமதி அரிசி வேகற வாசனை, வீடு பூரா. ஒருநாள் அவர் மோந்து மோந்து வந்து, ஜோசலின், எனக்குக் கொலஸ்ட்ரால்னு சொல்லிட்டு நீ தனியா பிரியாணி பண்ணிச் சாப்பிடறியான்னார். கேஸ் அடுப்பத் தொட்டுப் பாத்தார், தயாளன்! சூடா இருக்கான்னு! எங்க கான்வென்ட்ல மதர் சுப்பீரியர்கூட இப்படிச் சோதனை போட்டதில்ல. அது மரநாய் வாசனைன்னு நீங்க வந்துதானே என் மானத்தக் காப்பாத்தினீங்க. பேரு நாய், உடம்பு பூனை, வாசனை பிரியாணி. ஆண்டவர் உலகத்தப் படைச்ச ஆறாம் நாள் சாயங்காலம் மிச்சம் மீதிய வெச்சுச் செஞ்சிருப்பார்.

உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரே, சொன்னேனா? கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கறவர். எல்லா உயிரும் ஒண்ணுதான் மேடம்னு தத்துவம் வேற. காஞ்ச மிளகாயக் கொளுத்தி மேல புகை போட்டார். அரை மணி நேரத்துல நாங்க ரெண்டு பேரும் தெருவுல, நான் நைட்டியோட, அவர் லுங்கியோட, மூக்குல கண்ணுல தண்ணி ஊத்துது. மருந்துக்காரர் எங்களுக்கு முன்னாடியே தெருவுல. பக்கத்துவீட்டு சந்திரிகா பால்கனியில நின்னு வீடியோ எடுக்கறா. இரும்புலியூர் பூரா பாத்திருக்கும். மரநாய் மட்டும் வெளிய வரல. அதுக்கு மிளகாய் பழக்கம்போல, ஆந்திராப் பக்கத்து மரநாய்.

சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணணும்னு இவர் ஏன் இந்தக் குதி குதிக்கறார்னா, அன்னைக்குத்தான் தட்சிணாமூர்த்தி திரும்ப வர்றார். இந்த வீட்ட வாங்கப் போறவர். இந்தப் பக்கத்து ஆளுதான், இங்க பாதித் தெரு ஒரு காலத்துல அவங்க வயலு. போன வாரம் அவங்கம்மா கங்கையம்மாளக் கூட்டிக்கிட்டு வந்தார். ஹால்ல உக்காந்து அந்தம்மா ஜூஸ வாயில வெக்கறாங்க, தலைக்கு மேல தடதடதடன்னு ஒரு ஓட்டம். டம்ளர வெச்சுட்டு எழுந்துட்டாங்க. இன்னாடா தட்சிணா, உள்ள ஆளு கீது, நம்மள வேற உள்ள இட்டாந்துகினு கீற? மேல கீறது மொதல்ல வெளிய போவட்டும், அப்பால நான் உள்ள வர்றேன். சொல்லிட்டு காருல ஏறி உக்காந்துட்டாங்க. மகன் இவர் பக்கம் திரும்பினார். சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் சார், இல்லன்னா கோவிலம்பாக்கத்துல ஒரு வீடு இருக்கு, அத முடிச்சிடறேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்தம்மா எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மனசுல பட்டத அப்படியே சொல்றாங்க. அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்க்குமா?

அதுக்கும் முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. வீட்டு ஜெபக்கூட்டம் தெரியுமா உங்களுக்கு? மாசம் ஒருத்தர் வீட்டுல. பாட்டு, வசனம், ஜெபம், கடைசில சமோசா. போன மாசம் எங்க முறை. பாஸ்டரோட சேர்த்து பதினாலு பேர். ஒவ்வொருத்தரா ஜெபம் பண்ணி வர்றாங்க, யூனிஸ் அக்காவுக்கு மூட்டுவலி, இன்னொருத்தர் பொண்ணுக்கு விசா. இவர் முறை வந்துச்சு. ஆண்டவரே, நாங்கள் இந்த வீட்டை விற்று பெருங்களத்தூரில் பதினோராவது மாடிக்குப் போகத் தீர்மானித்திருக்கிறோம், உமக்குச் சித்தமானால் வழியைத் திறந்தருளும், சித்தமில்லையானால் ஒரு தடையைப் போடும்னார். நாங்களாம்! எனக்கே அப்பத்தான் தெரியும். இல்ல, காதுல விழுந்துச்சு, ஆமென் சொன்னப்பறம்தான் மண்டையில ஏறிச்சு. நான் கண்ண மூடிக்கிட்டு சமோசாவ எண்ணிட்டிருக்கேன். இருபத்தஞ்சு சமோசா, பதினாலு பேரு. எல்லாரும் ஆமென்னாங்க, நானும் ஆமென்னுட்டேன். குழந்தை தும்மினா நூறுன்னு வாய் தானாச் சொல்லுதில்ல, அந்த மாதிரி. அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். சத்தமா வேற சொல்லித் தொலைச்சேன்.

ஆமென் வாயிலேர்ந்து விழுந்ததும் மேல தடதடதட! பாஸ்டர் ஒரு கண்ண மட்டும் திறந்தார். சீலிங் இடுக்குலேர்ந்து ஒரு சொட்டு, யூனிஸ் அக்காவோட பட்டுப்புடவை மேல. அவங்க அபிஷேகம்னு ரெண்டு கையையும் தூக்கினாங்க. அப்புறம் மோந்து பாத்தாங்க. கைய இறக்கிட்டாங்க. ஐயோ, நான் சிரிப்ப அடக்க உதட்டக் கடிச்சு, கண்ணுல தண்ணி வந்து, பாஸ்டரம்மா என் தோளத் தட்டிக் குடுத்து, அழாதம்மா, கர்த்தர் நல்ல வழி காட்டுவார்னாங்க!

எல்லாரும் போனப்பறம் இவர்கிட்ட விளையாட்டாச் சொன்னேன், தடை கேட்டீங்களே, வந்துடுச்சே பாருங்கன்னு. அது தடை இல்ல, எலி, அப்படின்னுட்டு, நீயே அத்தன பேர் முன்னாடி ஆமென் சொல்லிட்டியேன்னு ஒரு சிரிப்பு. விஷயம் அதோட முடிஞ்சது. எனக்கு எதுக்கும் பொறுமை கிடையாது, யாரையும் நேருக்கு நேரா கேட்டுடுவேன். அன்னைக்கு மிச்ச சமோசாவ ஃபிரிட்ஜுல வெச்சுட்டு வந்து படுத்துட்டேன்.

தயாளன்? என்ன அசையாம நிக்கறீங்க?

மாவத்தானே பாக்கறீங்க.

நேத்து நீங்க அரைக் கிலோ மைதா கேட்டப்போ, என்ன, போண்டா போட்டுப் பிடிக்கப் போறீங்களான்னு கேலி பண்ணினேன். பரண் பூராத் தூவிக் கால்தடம் பாப்பீங்கன்னு யாரு கண்டா? காலையில ஃபோட்டோ எடுத்தீங்க, அதப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பாத்தீங்க. அவர்கிட்ட காட்டல. அதுக்குத்தான் ரெண்டாவது காபி. சின்னச் சின்னதா இருக்கறது மரநாய் கால். பக்கத்துல பெரிசா, உள்ளங்கையோட இருக்கறது என் கை. வேற யாரு? அவர் பல்பு மாத்தக்கூட ஏணி ஏறமாட்டார்.

பப்பாளி. தினம் ஒரு கீத்து, எட்டி உள்ள தள்ளி வெப்பேன். உங்க கூண்டுல இருந்த வாழைப்பழத்த அது சீண்டவே இல்லன்னு ரெண்டு நாளா மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டீங்களே, மன்னிச்சுக்கோங்க. வயிறு நிறைஞ்சவ கூண்டுக்குள்ள எதுக்குப் போவா?

சிரிக்காதீங்க, ஏணி ஆடுது!

நான் அந்த ஃப்ளாட்டப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். குறை சொல்ல முடியாது, காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. லிஃப்ட்ல எட்டு பேர், எட்டு பேரும் ஃபோனப் பாத்துக்கிட்டு. மீன்காரம்மா, கீரைக்காரம்மா யாரும் மேல வரக்கூடாதாம், ரூல்ஸ். அங்க நான் யாரோட பேரம் பேசறது? யாரத் திட்டறது? சந்திரிகாவோட பதினெட்டு வருஷமா முருங்கமரக் கிளைக்காகச் சண்டை. அவ ரெண்டு நாள் மக வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது. அவர் ஆபீஸ் போயிடுவார், வந்தா பேப்பர். மூணு மாசத்துல எனக்கு வாய்னு ஒண்ணு இருந்தது எனக்கே மறந்துடும்.

எனக்குப் போக இஷ்டமில்ல, தயாளன். இத இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தெருவே பயப்படற வாயி, இந்த ஒரு வாக்கியம் மட்டும் வரமாட்டேங்குது. பாஸ்டர் முன்னாடி ஆமென் சொல்லிட்டு மறுநாளே இல்லன்னு எப்படிச் சொல்றது? மொதல் தடவையா உங்ககிட்டதான் சொல்றேன். அதுவும் உங்க முழங்காலுகிட்ட.

வண்டிச் சத்தம். கேட்டுச்சா? அவர்தான், அந்த சைலன்ஸர் எனக்குத் தெரியும். வலையோட வந்துட்டார். உள்ள வந்ததும் ஷூவக் கழட்டாம, குட்டி இருக்கா இல்லையான்னுதான் கேப்பார். உங்களப் பொய் சொல்லச் சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி டார்ச் அடிங்க, அந்த ஏசி பைப்புக்குப் பின்னாடி. எதாவது அசையுதா? சின்னதா? ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும், சனிக்கிழமை தாண்டிடும். கேட்டத் திறக்கறார். இருக்குன்னு சொல்லுங்களேன், தயாளன்.

தயாளன்?