மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் உங்கள் மேசைக் காகிதங்கள் இப்படிப் படபடக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்; சொல்லவில்லை. அடுத்தவர் இடத்தில் அதிகாரம் செய்யும் பழக்கம் எனக்கில்லை.

நூம்பலில் நாங்கள் ஃப்ளாட் வாங்கும்போதே மதிலை ஒட்டிய தனி வீட்டில் சுலோசனாவின் கோழிக்கூண்டு இருந்தது. ஒரு சேவல், ஏழு கோழிகள். எங்கள் குடியிருப்பில் கோழி வளர்க்கக் கூடாது என்று விதி உண்டு. சங்கச் செயலாளராக அதை எழுதியவளே நான்தான். ஆனால் அது மதிலோடு நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் நடக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாய் திறந்தால் சேவல் கூவும், எல்லோரும் சிரிப்பார்கள். கூவாத நேரங்களில், எப்போது கூவுமோ என்று காத்திருப்பேன். அதுதான் தாங்க முடியாதது.

புகார் கொடுத்தேன். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார்.

"கூண்டு சுத்தமா கீது. சொந்த ஊட்டுல நாலு கோழி வெச்சிருந்தா நான் இன்னா மேடம் பண்றது?"

சுலோசனா சிரித்தாள். "என் சேவலுக்கும் ஒரு லேப்டாப் வாங்கிக் குடும்மா. கம்முனு மீட்டிங்குல குந்திக்கும்."

நானும் சிரித்தேன்.

விதி விட்டுவைத்த இடத்தை யாராவது நிரப்பத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோற்றில் மருந்தைப் பிசைந்து மதிலுக்கு மேலிருந்து போட்டேன். பாக்கெட்டைக் குப்பை வண்டியில் சேர்த்துவிட்டேன். கோழிகளுக்கு வைத்ததுதான். மனிதர்களுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் சுலோசனா மதிலருகே வந்தாள்.

"ரெண்டு கோழி சுருண்டு போச்சும்மா. வெயிலு போலகீது. தானா சாவறதுக்குள்ள அறுத்துட்டேன். உனக்கும் ஒரு கிண்ணம் கொழம்பு தரட்டா?"

"வேணாங்க்கா. சனிக்கிழமை நான் கவுச்சி சாப்பிட மாட்டேன்."

அந்த விரதத்தை அன்றுதான் தொடங்கினேன். குழம்பு வாசனை வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவள் கேட்டது வேண்டுமா என்றுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

சுலோசனாவும் அவள் கணவர் எத்திராஜும் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் பிழைக்கவைக்க முடியுமாம். டாக்டர் உங்கள் போனில் காத்திருக்கிறார். "பேரை மட்டும் சொல்லும்மா, ரெண்டு உசுரு" என்கிறீர்கள். போனை என் பக்கம் நீட்டுகிறீர்கள்.

கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிழைத்து வந்தால் மறுபடியும் கோழி வளர்ப்பார்கள்.