டேட்டா தின்னும் டீவி

"புது டீவி என்னைய யாருன்னு கேக்குது," என்றார் அந்த அம்மா.

கட்டுகஸ்தோட்டையில் அக்குறணை பஸ் ஏறிய எனக்கு முன்சீட்டில் அவரும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். பன்வில பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அக்குறணைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போன டீவிப் பெட்டி இருவர் முழங்காலிலும் இடித்துக்கொண்டிருந்தது.

"ஈமெயில் போட்டா வேலை செய்யும்னு கடையில சொன்னாங்களே," என்றார் கணவர்.

"நமக்கு ஏது ஈமெயில்? எதிர்க்கடைக்காரன் விலையக் கொறச்சான்னு இவன் ஸ்பீக்கரும் சேத்துக் குடுத்தான். இன்டர்நெட் இல்லாட்டி இது வெறும் கண்ணாடின்னு ரெண்டு பேருமே சொல்லல."

"அதுக்குத்தானே ஃபோன்ல இருந்து இன்டர்நெட் குடுத்தேன்."

"ஒரு நாடகம் முடியல, டேட்டா முடிஞ்சிருச்சு. குவைத்துல இருந்து புள்ள நேத்து முழுக்க வீடியோ கால் எடுத்துப் பாத்திருக்கா. நம்ம மூஞ்சிய பாக்க முடியாம அழுதாளாம்."

"டீவி அவ அனுப்புன காசுல வாங்குனது. திருப்பிக் குடுத்தது தெரிஞ்சா அதுக்கும் அழுவா."

"தெரியாம குடுப்போம்."

அப்போது ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

"சொல்லும்மா. டீவியா? ரொம்ப நல்லா தெரியுது. நானும் அப்பாவும் வீட்டுல ஒக்காந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

சாரதி நீளமாக ஹோர்ன் அடித்தார். கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார் அந்த அம்மா, குரல் மாறாமல். "அது நாடகத்துல வர்ற பஸ்சு."