தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே

கினுயே அம்மாவுக்கு,

ஊறுகாய் வந்து சேர்ந்தது. கீரைத்தண்டு பல்லில் நறுக்கென்று உடையும் பதத்தில் இருந்தது. ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். படுக்கை அலமாரியில் செய்தித்தாள் சுற்றிய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை எறியலாமா என்பது ஒன்று. நெகிஷியின் காரில் ஏன் அடிக்கடி மஞ்சள் விளக்கு எரிகிறது என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில், எறியலாம். உங்கள் பக்கம் உலோகக் குப்பை எடுப்பது எந்தக் கிழமையோ, அந்தக் கிழமையே எறிந்தால் நல்லது.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் ஊறுகாயைத் தின்றுகொண்டே உங்களிடம் மறைப்பது முறையில்லை என்று பட்டது. நெகிஷி என் பள்ளித் தோழன் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி அவன் வண்டியின் பழைய எஞ்சின் கம்ப்யூட்டர். எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்வது அதுதான். வண்டியை விரட்ட ஆசைப்படுகிறவனுக்கு இரண்டு வழி உண்டு. கம்பெனிக்காரன் அதற்குள் எழுதியதைத் திருத்தி எழுதலாம். அல்லது அதைக் கழற்றிவிட்டு, ஒன்றுமே எழுதாத புதுப் பெட்டியை மாட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதலாம். நெகிஷிக்கு நான் முதல் வழியைச் சொன்னேன்.

“புதுப் பெட்டியே போட்டுக்கறேன்டா சுனாகா. எல்லாரும் அதத்தான் போடறானுங்க.”

“போடு. ஜனவரி மாசக் காலைல ஸ்டார்ட் ஆகாம நடுரோட்டுல நில்லு. கம்பெனிக்காரன் வருஷக்கணக்கா பனியிலயும் வெயில்லயும் ஓட்டிப் பாத்து எழுதினதுடா அது. அத தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட வந்து ஏசி போட்டா எஞ்சின் நடுங்குதுன்னு அழாத.”

நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சொல்லாதவை இரண்டு. புதுப் பெட்டிக்குள் இருப்பதை எவனும் மடிக்கணினியைச் செருகிப் படித்துவிடுவான். கம்பெனிப் பெட்டியில் நான் திருத்தியதை என்னைத் தவிர யாரும் லேசில் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், அந்தக் கம்பெனிப் பெட்டிக்குள் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. மலையில் காற்று மெலியும் இல்லையா, அதற்காக. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடமாக வியாழக்கிழமை மாலை நெகிஷி என் மெக்கானிக் கடைக்கு ஷோகிச் சதுரங்கம் ஆட வருவான். பெரும்பாலும் தோற்பான். தோற்றவன் மிசோ விழுது தடவிச் சுட்ட மஞ்சூ பன் வாங்கி வர வேண்டும். பெட்டியைத் திருத்தக் கொடுத்த அந்த வசந்தத்தில் அவன் காயை நகர்த்தாமல் உங்களைப் பற்றியே பேச ஆரம்பித்தான். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன் உங்கள் மலை விடுதிக்குத் தீயணைப்பான்களைப் பரிசோதிக்க வந்து மூன்று கோப்பைத் தேநீர் குடித்தானாமே.

“இலையுதிர் காலத்துல மேல போயி கேட்டுரலாம்னு இருக்கேன்டா. சரின்னுட்டாங்கன்னா அங்கயே தங்கிருவேன்.”

அந்த வாரம் வண்டி என் கடையில் இருந்தது. தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே போனால் எஞ்சின் இருமித் திணறும்படி பெட்டியில் எழுதினேன். உங்கள் விடுதி ஆயிரத்து இருநூறில் இருக்கிறது.

அவன் நன்மைக்காகத்தான். அறுபத்திரண்டு வயதில் ஒருவன் அவசரப்படக் கூடாது. யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

முதல் தடவை நீலப் பூங்கொத்து ஒன்றோடு கிளம்பினான். சாயங்காலம் அதே பூங்கொத்தோடு என் கடை வாசலில் வந்து நின்றான். என் இடம் சமவெளி. அங்கே வண்டி பூனைக்குட்டி மாதிரி ஓடும். பேனட்டைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தேன். “திருத்திட்டேன், போ” என்றேன். திருத்தியது உண்மை. எல்லையைத் தொள்ளாயிரத்து நாற்பதுக்கு உயர்த்தினேன். பூக்கள் என் வாளியில் ஒன்பது நாள் வாடாமல் இருந்தன.

இரண்டு இலையுதிர் காலங்களில் ஆறு தடவை கிளம்பினான். பஸ்ஸில் போகச் சொல்லி நானே இரண்டு முறை யோசனை சொன்னேன், இதை நீங்கள் கவனிக்க வேண்டும். “பஸ்ல போயி எறங்கி பொண்ணு கேக்கவா? தீயணைப்புக் கேப்டன்டா நான்!” என்றான். அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

ஆறாவது தடவை எனக்கே மனசு கேட்கவில்லை. ஆயிரத்து எண்பதில் வைத்தேன். அந்த வளைவில் திரும்பினால் உங்கள் வெந்நீர் ஊற்றின் ஆவி தெரியும். அவ்வளவு தூரமாவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான். அன்று திரும்பி வந்தவன் ஷோகிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, “அந்த மலைக்கே என்னப் புடிக்கலடா” என்றான். அன்று நான் வேண்டுமென்றே தோற்றேன். மஞ்சூவும் நானே வாங்கி வந்தேன்.

பிறகு அவன் பிடிவாதமாக நின்றான். “புதுப் பெட்டிதான். நீ போட்டுத் தரலன்னா ஒசாகாக்காரன்கிட்ட போறேன்.” இன்னொருவன் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட நானே மாட்டிவிடுவது மேல் என்று தோன்றியது. வெற்றுப் பெட்டியில் அவனுக்காகப் பதினேழு நாள் உட்கார்ந்து எழுதினேன். சொன்னால் தற்பெருமையாகிவிடும், ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. வண்டி ஒரே மூச்சில் உங்கள் வாசலுக்கு வந்தது உங்களுக்கே தெரியும்.

கழற்றிய கம்பெனிச் சாமானை, வண்டி விரட்டும் எங்கள் கூட்டத்தில் யாரும் எறிவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கச் சோதனைக்குப் பழையதை மாட்டிக் காட்ட வேண்டும். அதனால் அவனும் அதைச் சுற்றி உங்கள் அலமாரியில் வைத்துவிட்டான். அதை மாட்டினால் வண்டி இருமிக்கொண்டே கீழே இறங்கிவிடும், திரும்ப ஏறாது. எறியச் சொன்னது அதற்காகத்தான். சோதனைக்கு நல்ல பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது.

உங்கள் இருவர் கல்யாணத்தன்று எனக்குப் பரிமாறியபோது நீங்கள் சொன்னீர்கள்: “வரேன்னு சொன்னாரேன்னு ஆறு தடவ தட்டு எடுத்து வச்சு காத்துக்கிட்டு இருந்தேன் சுனாகா-சான். ஆறு தடவயும் நானே எடுத்து மூடி வச்சேன். என்னப் புடிக்கலன்னு நெனச்சுட்டேன்.” எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் அருமையாக இருந்ததால் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய பெட்டியைப் பொறுத்தவரை நான் குற்றவாளிதான். மறுக்கவில்லை. அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

இனி மஞ்சள் விளக்கு. அதையும் நான்தான் எழுதினேன். புதுப் பெட்டிக்கும் காற்றழுத்தம் அளக்கும் பொருளைக் கட்டி, ஏழு நாள் தொடர்ந்து தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழே இறங்காவிட்டால் விளக்கை ஏற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, வண்டி இருமாது. எவன் வேண்டுமானாலும் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதைக் குற்றத்தில் சேர்க்க முடியாது. ஒரு நினைவூட்டல், அவ்வளவே.

அணைப்பது சுலபம், ஆனால் வண்டியை நேரில் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை அனுப்பி வையுங்கள். தனியாக உட்கார்ந்திருக்க முடியாத ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள், எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வியாழன் முடியாவிட்டால் வெள்ளி. சனிக்கிழமையும் திறந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, ஆனால் தட்டினால் போதும், உள்ளேதான் இருப்பேன்.

சுனாகா