ரிஸ்டோவின் பேஸ் கிட்டார்

லீயான்: ரெக்கார்டை நிறுத்தாதீங்க ரிஸ்டோ! இந்த இடம் முடியட்டும்.

ரிஸ்டோ: போதும்மா. சின்னப் பசங்களா இருந்தப்ப நாங்க போட்ட சத்தம்.

லீயான்: சத்தமா? நீங்க பேண்டை விட்டதுலேர்ந்து உங்க இடத்துல நின்னு பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இந்த மூணு சுரம்... நீங்க இறங்குற மாதிரி எனக்கு இன்னும் வரல.

ரிஸ்டோ: அது... கம்பி அறுந்துபோச்சு. வேற வழியில்லாம இறங்கினேன்.

லீயான்: பொய்!

ரிஸ்டோ: சத்தியமா. ஞாயித்துக்கிழமை புதுக் கம்பி வாங்க போர்ட் கெம்ப்லா ஊர்ல எந்தக் கடை திறந்திருக்கும்?

லீயான்: பின்னால ஏதோ உறுமுதே...

ரிஸ்டோ: நிலக்கரி ரயில். தண்டவாளத்தை ஒட்டின தகரக் கொட்டகைதான் எங்களுக்கு ஸ்டூடியோ. ரயில் வந்தா நிறுத்திடணும்னு பேச்சு. எங்க பாடகன் டக் எங்க நிறுத்தினான்? பாடிட்டே இருந்தான்.

லீயான்: என்ன குரல் அந்த மனுஷனுக்கு! ரயிலையே அமுக்கிட்டாரு. அந்த ரயிலும் தாளத்தோட வருது, பாருங்க.

ரிஸ்டோ: நம்ம டிரம்மருக்கு ரயிலே தேவலை.

லீயான்: இருங்க, அவர்கிட்டயே சொல்றேன்.

ரிஸ்டோ: சொல்லேன். நான் மூஞ்சிக்கு நேராவே சொன்னவன்தான்.

லீயான்: சனிக்கிழமை கிளப்ல, நம்ம காப்பர் லேன் பேண்டோட இந்த முதல் ரெக்கார்டை முழுசா வாசிக்கிறோம். நீங்க...

ரிஸ்டோ: மாட்டேன்.

லீயான்: நான் இன்னும் கேட்கவே இல்லையே!

ரிஸ்டோ: கேட்கத்தானே வந்திருக்கே? பொண்ணு பொறந்ததும் உருக்காலை வேலைக்குப் போனேன். முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.

லீயான்: ஒரே ஒரு பாட்டு. இது மட்டும்.

ரிஸ்டோ: விரலைப் பாரு. சட்டைப் பொத்தானே போட வரல.

லீயான்: இப்ப மேஜையில வாசிச்சது யார் விரலாம்?

ரிஸ்டோ: ...அது தானா வாசிக்குது. இங்க பாரு லீயான், இது உன் பாட்டு ஆயிடுச்சு. கடைசி அடிக்கு முன்னால ஒரு மூச்சு அளவு நிக்கிறியே... அடடா! எனக்குத் தோணவே இல்ல அது.

லீயான்: அப்படி நிக்கிறது எந்த ரெக்கார்டுலயும் இல்லையே. போன மாசம்தான், கிளப்ல, முதல் தடவையா நின்னேன்.

ரிஸ்டோ: யாரோ சொன்னாங்க.

லீயான்: யாரு?

ரிஸ்டோ: ...சரி, நானே வந்துட்டுதான் இருக்கேன். நீங்க வாசிக்கிற ஒவ்வொரு தடவையும். தூணுக்குப் பின்னால, யார் கண்ணுலயும் படாம. அங்க நின்னா உன் பேஸ் நெஞ்சுக்குள்ளயே கேட்குது...

லீயான்: கேட்காம? ஆளே நிக்காத அந்தத் தூண் மூலையில ஒரு ஸ்பீக்கர் இருக்கே, அதை யாருக்காக வைக்கச் சொன்னேன்னு நினைச்சீங்க? சனிக்கிழமை இந்த ஒரு பாட்டுக்கு அங்க நான் நிக்கிறேன், மேடையில நீங்க நில்லுங்க.