ஒற்றை முட்டில் நிற்கும் வீடு

இப்போதெல்லாம் எதைக் கையில் கொடுத்தாலும் அதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாமல் எவனாலும் கீழே வைக்க முடிவதில்லை, சார். டீ குடித்தால் நட்சத்திரம். ஆட்டோவில் ஏறி இறங்கினால் நட்சத்திரம். நேற்று நீங்கள் வாங்கிக் கொடுத்த பரோட்டாவுக்கும் இந்நேரம் எவனாவது மூன்று போட்டிருப்பான். நான் குறை சொல்லவில்லை. சால்னா தண்ணியாகத்தான் இருந்தது.

கருத்தப்பாண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன்.

அவனும் நானும் ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்து, ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள். வரிசையாக ஏழு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. நான் நடுவீடு, அவன் கடைசி வீடு. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவனைப் பேக்டரியில் ராக்காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் தூங்குவான். சாயங்காலம் எழுந்து ரிஞ்சு கடைக்கு வந்துவிடுவான்.

ரிஞ்சு எஸ்டேட் முக்கில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் கட்டடம் இடிக்கிற விளையாட்டு ஒன்று வந்தது. சுத்தியல், லாரி, வெடி என்று எதை வேண்டுமானாலும் எடுத்து எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். எல்லாம் தூளானதும் ஒரு பட்டனைத் தட்டினால் கட்டடம் பழையபடி எழுந்து நிற்கும். இதற்குத்தான் மீசை நரைத்தவனெல்லாம் வரிசையில் நின்றான். விளையாடிவிட்டுச் சும்மா போகிறானா, அதுவும் இல்லை. ஆளுக்கொரு கருத்து.

என் மகன் தனபால் காந்தலூருக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். "கண்ணாடி நொறுங்குற சத்தத்தக் கேட்டா, பகல்ல வாங்குன ஏச்செல்லாம் எறங்கிருதுப்பா" என்றான். அவன் பெண்டாட்டி இந்து வேறு மாதிரி. "எனக்கு ஆபீஸ் கட்டடம் மட்டும் போதும் மாமா. மொதல்ல மேனேஜர் ரூமு, அப்புறம் அந்த ஏசி."

கருத்தப்பாண்டி ஒரு வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாக உடைத்தான். மிச்சம் ஒரே ஒரு தூண். வீடு அசையவில்லை.

"பாத்தியா, அப்படியே நெஜம்யா" என்றான்.

"நிக்காது. பொய்யி" என்றேன்.

"நிக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

என் கருத்தையும் நெட்டில் எழுதிப் போடலாம் என்று ரிஞ்சு சொன்னான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ஒற்றைத் தூணில் வீடு நிற்காது, இதைச் செய்தவனுக்குக் கட்டடம் தெரியாது. ஒரு நட்சத்திரம் போட்டேன். அதற்குக் கீழே போட வழியில்லையாம்.

மறுநாள் எந்த ஊர்க்காரனோ ஒருத்தன் பதில் போட்டிருந்தான். நீ வாழ்க்கையில் ஒரு கட்டடமாவது இடித்திருக்கிறாயா என்று. ரிஞ்சு அதைச் சத்தமாகப் படித்தான். கடையே சிரித்தது. மற்றவர்கள் அன்றோடு விட்டார்கள். கருத்தப்பாண்டி விடவில்லை. காலையில் வேலை முடிந்து வரும்போது குழாயடியில் பொம்பளைகள் முன்னால் என் பேரைச் சொல்லிக் கேட்பான்: "என்ன மொக்கையா, இன்னைக்கு ஏதாச்சும் இடிச்சியா?" மாரியம்மன் கோயில் பந்தலைப் பிரிக்கும்போதும், "ஏய், நம்ம மொக்கையனக் கூப்புடுங்கப்பா, அனுபவப்பட்ட ஆளு" என்றான். சாமி கும்பிட வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தான்.

எனக்குக் கோபம் இல்லை. அதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவன் வீட்டுக் கடைசிச் சுவர் கல்லும் மண்ணும். வெளிப்பக்கம் பிதுங்கி, சரியாமல் இருக்கச் சாய்த்துக் கொடுத்த நாலு மர முட்டில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் மக்கிய முட்டை எடுத்துவிட்டுப் புது முட்டுக் கொடுப்போம். அது என் பொறுப்பு. அன்றைக்கு ஏழு கதவையும் தட்டி, அடுப்பை அணைக்கச் சொல்லி, எல்லாரையும் தேயிலைக் காட்டு ஓரத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் முட்டில் கை வைக்கலாம். அது லயத்துக் கட்டுப்பாடு. ராக்காவல்காரன் தூங்கும்போது அவன் கதவைத் தட்டக்கூடாது. அதுவும் லயத்துக் கட்டுப்பாடுதான். அதனால் எப்போதும் அவன் எழுந்த பிறகு சாயங்காலத்தில்தான் முட்டு மாற்றுவோம்.

இந்த வருஷம் மத்தியானமே ஆரம்பித்தேன். கட்டுப்பாடு இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. இரண்டாவதைக் காப்பாற்றினேன்.

ஆறு கதவு தட்டினேன். எல்லாரும் மரியாதையாக வெளியே போனார்கள்.

"புது மரம் எங்க மாமா?" என்று இந்து கேட்டாள்.

"வருது."

"கருத்தப்பாண்டி மாமா?"

"எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டான்."

அன்று நான் சொன்ன பொய் அந்த இரண்டும்தான். ரிஞ்சு கடையில் அதைவிட அதிகம் சொல்கிறார்கள்.

முதல் முட்டை எடுத்தேன். இரண்டாவதையும் எடுத்தேன். மூன்றாவதையும் எடுத்தேன். சுவர் நின்றது. அதை நான் மறைக்கவில்லை. ஒரு பீடி பற்றவைத்துக் குடித்து முடிக்கும்வரை ஒற்றை முட்டில் அப்படியே நின்றது. உள்ளே அவனுடைய குறட்டை கேட்டது. அதுவும் சிரிப்பது மாதிரியே இருந்தது.

அவனை எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, அந்த ஒற்றை முட்டைப் பார்ப்பான். அதன் பிறகு என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். சாகும்வரை சொல்வான்.

கோடாலியைத் திருப்பி அதன் பின்பக்கத்தால் நாலாவதை ஒரு தட்டுத் தட்டினேன்.

சுவர் வெளிப்பக்கம் சரிந்தது. உத்திரமும் தகரமும், காற்றுக்குப் பயந்து தகரத்தின் மேல் வைத்திருந்த கல்லும் உள்ளே போயின. அவன் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். இருபது வருஷமாக எனக்குத் தெரியும். குறட்டை நின்றுவிட்டது. இந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரிஞ்சு கடைக்கு நடந்தேன். "இடிச்சாச்சு, எழுதிப் போடு" என்றேன். அவன் எழுதவில்லை. உங்களுக்குத்தான் போன் போட்டான்.

ஆகக்கூடி வீடு விழுந்தது. நான் சொன்னது அதைத்தான். வெளியே அந்தப் போலீஸ்காரத் தம்பி, "ஒத்த முட்டுல நின்னுச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே பெருசு, அப்ப அந்த விளையாட்டு சரிதானே" என்று கேட்கிறார். அவரும் விளையாடுகிறவர் போலிருக்கிறது. நான் தட்டாவிட்டாலும் அது தானாக விழுந்திருக்கும். இன்னொரு பீடி நேரம், அவ்வளவுதான். என்னிடம் பீடி தீர்ந்துவிட்டது.

கையைப் பிடிக்க வேண்டாம் சார், லாக்கப்புக்கு நானே நடந்து போகிறேன். ஒற்றை முட்டில் வீடு நிற்காது.