விமானத்தில் கிரிவலம்

பௌர்ணமிக்கு மறுநாள், செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ. வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பக்கத்துப் பெண்ணிடம் பொரிந்து தள்ளினார்:

"எங்க வீட்டுக்காரரு நேத்து மலையை ஏரோபிளேன்ல சுத்தினாரு. அதுவும் வலமா இல்ல, இடமா!"

"ஏரோபிளேன்லயா, அக்கா?"

"கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டற கேம்மும்மா. நிஜ விமானத்துல இருக்கற அத்தனை சுவிட்சும் அதுல இருக்குது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே மாசக்கணக்கா படிச்சாரு. நேத்து கிரிவலத்துக்குக் கூப்ட்டா, 'நீ நட, நான் பறந்து வர்றேன்'னுட்டாரு."

"சரி, ஏன் இடமா?"

"கேப்டன் இடதுபக்கம்தான் உக்காருவாராம். மலையை வலதுகைப் பக்கம் வெச்சு சுத்தினா இவரு ஜன்னல்ல தெரியாதாம். அதுக்குனு சாமியை அப்பிரதட்சணமாவா சுத்துவாங்க?"

"வலதுபக்க சீட்டுல உக்காரலாமில்ல?"

"அதையேதான் நானும் கேட்டேன். 'அது துணை பைலட் சீட்டு, அதுல உக்காந்தா எனக்கென்ன மரியாதை'ங்கறாரு!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இந்தம்மா சிரிக்கவில்லை.

"சொல்லிட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு அந்தச் சீட்டுல நான் உக்காந்து வலமா சுத்தறேன். கேப்டன் வெறுங்கால்ல நடக்கட்டும்."