படம் ஏன் ஆடுது

...மெஷின்ல கோளாறு இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். போன தடவை உங்க கம்பெனியிலேர்ந்து வந்தவரும் அதையேதான் சொன்னாரு. நான் அவருக்கு டீ வாங்கப் போயிருந்தப்போ பார்த்தாராம், படம் ஜோரா இருந்துச்சாம். நான் வந்து உக்காந்து விசாரிக்கிறேன், மறுபடி ஆடுது.

நீங்களே பாருங்க. இது இதயத் தசை செல்லு. உயிரோட துடிச்சிட்டு இருக்கும்போதே சட்டுனு உறையவச்சது. உள்ள இருக்கிற சவ்வெல்லாம் இருந்த இடத்துல இருந்தபடி தெரியணும், அதுக்குத்தானே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு? தெரியுதா? கொடியில காயப்போட்ட துணி கணக்கா நெளியுது.

லிஃப்டு அதிர்வுதான்னு நெனச்சு அதை நிறுத்தவச்சேன். எங்க துறைத் தலைவருக்கு முழங்கால் வலி வேற, படியேறி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. ஏசியை அணைச்சேன். மேல்மாடி கணக்கு மேடத்தை ஹீல்ஸைக் கழட்டிட்டு நடங்கன்னேன், அதுலேர்ந்து மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, "பூமியையும் கொஞ்சம் சுத்தாம இருக்கச் சொல்லேன்"னு. அவருக்கு வாய் ஜாஸ்தி சார்.

இன்னிக்கு சாயந்திரத்தோட என் முறை முடியுது. அப்புறம் பக்கத்து லேப்காரங்க வந்து உக்காந்தா எந்திரிக்கவே மாட்டாங்க. இந்த ஒரு படம் கிடைக்கலைன்னா என் ஆராய்ச்சி அவ்வளவுதான். புள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்த செல்லு. எனக்கு அழுகையே வருது, நிஜமாத்தான் சொல்றேன்.

என்னது, தண்ணியா? குடுங்க, தொண்டை வறண்டுதான் போச்சு. முழுங்கக் கூடாதா? வாயிலேயே வச்சிருக்கணுமா? இது என்ன சார் வைத்தியம்... சரி, சரி.

ம்.

...

...

சார், நின்னுருச்சு. ஒவ்வொரு சவ்வும் மடிப்பு மடிப்பா தனித்தனியாத் தெரிஞ்சுது, கண்ணால பார்த்தேன். அடடா, மறுபடி ஆடுதே. எதைத் தொட்டீங்க? ஒண்ணையும் தொடலையா? அப்புறம் ஏன் என் வாயைக் காட்டுறீங்க?

...

நானா?

பாவம் சார் எங்க தலைவரு. அந்தப் படியெல்லாம் சும்மா ஏறியிருக்காரே. கணக்கு மேடம்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? "கொஞ்ச நேரம் வாயை மூடுடி, எல்லாம் சரியாப் போகும்"னு எங்கம்மா எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து சொல்றாங்க. அதைக் கேக்காம இவ்வளவு பெரிய மெஷினை வச்சுக் கண்டுபிடிச்சிருக்கேன்.

சரி, படம் எடுக்கிற பட்டனை நீங்களே அமுக்குங்க. நான் வெளிய போறேன். கதவை நல்லா சாத்திக்கோங்க சார், அம்மாவுக்கு இதை இப்பவே போன்ல சொல்லியாகணும்.